நாலு அங்குலச் செம்மண்

கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள் வீட்டைவிடப் புல்லைத்தான் பாராட்டினார்கள். வாசலில் பாய் விரித்தாற்போல கொரியன் புல். சித்தப்பா செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு நடை நடந்து பார்த்தார். பில்டர் சாவியோடு சேர்த்துக் கொடுத்த பசுமை அது. மூன்றாவது வாரம் பழுக்கத் தொடங்கியது.

தண்ணீர் போதவில்லை என்றார்கள், ஊற்றினேன். அதிகம் என்றார்கள், நிறுத்தினேன். வெறுத்துப்போய் மண்வெட்டியால் ஒரு போடு போட்டேன். ணங்! நாலு அங்குலச் செம்மண்ணுக்குக் கீழே செங்கல் துண்டு, டைல்ஸ் சில்லு, மூட்டையோடு இறுகிப்போன சிமென்ட். வீடு கட்டி மிஞ்சியதெல்லாம் அங்கேதான் இருக்கிறது. இத்தனை நாள் இந்தக் குப்பைமேட்டுக்கா தண்ணீர் ஊற்றினேன்?

சுவரோரத்து இட்லிப்பூச் செடிகள் ஏன் வெளுத்தன என்பதும் அப்போதுதான் புரிந்தது. சிமென்ட்டும் சுண்ணாம்பும் விழுந்த மண்ணில் காரம் ஏறிவிடும். மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாது. நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இலை மஞ்சளாகிவிடும். நானோ மூன்று மாதமாக யூரியா போட்டுக்கொண்டிருந்தேன்.

செம்பருத்தி ஒன்று வைத்த உயரத்திலேயே நின்றது. பிடுங்கினால் நர்சரியின் கறுப்புப் பையோடு வருகிறது! உள்ளே வேர் சும்மாடு மாதிரி சுருண்டு கிடக்கிறது. பையைக் கிழிக்க எவ்வளவு நேரமய்யா ஆகும்?

மதிலை ஒட்டி ஒரு குல்மோஹர் வேறு. 2016 டிசம்பரில் வார்தா புயல் சென்னையில் மரங்களைப் புரட்டிப் போட்டதைப் பார்த்த யாராவது, அதுவும் இந்தக் கல்லுமேட்டில், அதைக் கொண்டுவந்து நடுவார்களா?

மாங்கன்று நானே வாங்கியது. பங்கனபள்ளி ஒட்டு. கீழ்ப்பக்கம் தளதளவென்று ஒரு கிளை கிளம்பியதும் சொந்தபந்தத்துக்கெல்லாம் போட்டோ அனுப்பினேன். எதிர்வீட்டுப் பாட்டி கிட்டே வந்து குனிந்து பார்த்தார்.

"ஒட்டுக்குக் கீழ துளுத்தா அது நாட்டுக் கன்னுப்பா. மேல ஒட்டு காஞ்சு போச்சு பாரு. அப்பவே கிள்ளியிருக்கணும்."

கோரைக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. பிடுங்கினால் புல் கையோடு வருகிறது, கிழங்கு மண்ணிலேயே தங்கிவிடுகிறது. ஒரு மழை பெய்தால் போதும், முழங்கால் உயரம்.

போன வாரம் பில்டர் ஆபீஸ் பையன் அடுத்த மனைக்கு விளம்பரப் படம் எடுக்க வந்தான்.

"சார், உங்க தோட்டந்தான் இந்தத் தெருவுலயே பசேல்னு இருக்கு" என்று கோரையைத்தான் நாலு படம் எடுத்துக்கொண்டு போனான்.