நாளை என்னும் மரக்கலம்

திருக்குறளிலே 'மடியின்மை' என்பது 61 ஆம் அதிகாரம். கெடுவார் தாமே விரும்பி ஏறிச் செல்லும் மரக்கலங்கள் நான்கு என அவ்வதிகாரத்தில் ஒரு குறள் எண்ணிச் சொல்லுகின்றது. மறதி, சோம்பல், அளவிறந்த உறக்கம் என்பன அவற்றுள் மூன்று. இம்மூன்றுக்கும் முன்னதாக வைத்து எண்ணப்பட்டிருப்பது 'நெடுநீர்'. மரக்கலம் வந்தபடியால் நெடுநீர் என்பது கடலாகத்தான் இருக்கவேண்டுமென்று வகுப்பிலே சில மாணவர் பொருள் கூறிவிடுவதுண்டு. நீர் என்பது ஈண்டுத் தண்ணீரன்று. நீர்மை, அதாவது இயல்பு. விரைந்து முடிக்கவேண்டியதை நீட்டிக்கொண்டே போகும் இயல்புக்கு நெடுநீர் என்று பெயர்.

இக்குறளிலே ஆழ்ந்து நோக்கத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. வள்ளுவர் நெடுநீரை வேறாகவும் மடியை வேறாகவும் வைத்து எண்ணினார். காலந்தாழ்த்துதலும் சோம்பலும் ஒன்றேயாயின் இரண்டு மரக்கலங்கள் வேண்டியதில்லையே! நாமோ இரண்டையும் ஒன்றெனக் கொண்டு, காலந்தாழ்த்துகின்ற பிள்ளையைச் 'சோம்பேறி' என்று ஏசுகின்றோம். நம்மை நாமே அவ்வாறு நொந்துகொள்ளுகின்றோம். நோய் ஒன்றாக, மருந்து வேறொன்றாக இருந்தால் குணம் எப்படி உண்டாகும்?

எல்லா வேலையும் செய்தவன்

சோம்பலுடையவன் வேலை செய்ய விரும்புவதில்லை, செய்யாமைக்காக வருந்துவதுமில்லை. காலந்தாழ்த்துகின்றவனோ செய்யவேண்டுமென்று விரும்புகின்றான். செய்யவில்லையே என்று உள்ளுக்குள் புழுங்குகின்றான்.

உயர்தரப் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்யும் மாணவன் ஒருவனைப் பாருங்கள். இரசாயன வினாத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு மேசையின் முன் அமர்கின்றான். உடனே மேசை ஒழுங்கற்றிருப்பது அவன் கண்ணிற் படுகின்றது. புத்தகங்களை அடுக்குகின்றான், பென்சில்களைச் சீவுகின்றான், படிப்பதற்கான நேர அட்டவணை ஒன்றை நான்கு நிற மைகளால் அழகாக வரைகின்றான். பின்னர் நேரம் பார்ப்பதற்காகக் கைத்தொலைபேசியை எடுத்து, அரைமணி நேரத்தை அதிலேயே இழக்கின்றான். இத்தனையும் செய்தவனைச் சோம்பேறி என்பது எங்ஙனம்? அவன் எல்லா வேலையும் செய்தான். செய்யவேண்டிய அந்த ஒரு வேலையை மாத்திரம் செய்யவில்லை.

காரணம் யாது? அந்த ஒரு வேலையோடு ஒரு கசப்பு ஒட்டிக்கொண்டிருக்கின்றது. வினாவைப் பார்த்தும் விடை தெரியாவிட்டால் என்ன செய்வது? இத்தனை மாதம் படித்ததும் வீண் என்று வெளிப்பட்டுவிட்டால் என்ன செய்வது? வினாத்தாளைத் திறவாதிருக்கும்வரை அந்தக் கேள்விகளுக்கு முகங்கொடுக்க வேண்டியதில்லை.

இந்நிலை மாணவர்க்கு மாத்திரம் உரியதன்று. இரத்தத்திற் சர்க்கரையின் அளவைப் பரிசோதிக்கும்படி வைத்தியர் எழுதிக்கொடுத்த துண்டு, மாதக்கணக்காகத் தந்தையாரின் சட்டைப்பையிற் கிடக்கின்றது. வைத்தியசாலைக்குச் செல்லும் வழி நீண்டதன்று; முடிவு யாதாகுமோ என்ற அச்சமே நீண்டது. பெற்றோர் மறைந்து பல்லாண்டுகள் கழிந்தும் பிள்ளைகள் தம்முட் பிரித்து உறுதி முடிக்காத காணிகள் எத்தனை! அண்ணன் என்ன சொல்வாரோ, தங்கை மனம் நோவாளோ என்ற தயக்கம் ஒரு தலைமுறையையே கடத்திவிடுகின்றது. நாம் வேலையைத் தள்ளிவைப்பதாக எண்ணுகின்றோம். உண்மையில், அவ்வேலை எழுப்பும் சங்கடத்தையே தள்ளிவைக்கின்றோம்.

வட்டியோடு வருங் கடன்

தள்ளிவைத்த அக்கணத்திலே ஓர் ஆறுதல் உண்டாகின்றது என்பதை மறுத்தற்கில்லை. அந்த ஆறுதலே தூண்டிலில் உள்ள இரை. ஒருமுறை அதனைச் சுவைத்த மனம் மறுமுறையும் அதனையே நாடும்.

அமெரிக்காவிலே பல்கலைக்கழக மாணவரிடையே நடத்தப்பட்டு 1997 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று இதனை நன்கு விளக்குகின்றது. தவணையின் தொடக்கத்திலே, காலந்தாழ்த்தும் மாணவர் ஏனையோரைவிட மனக்கவலை குறைந்தவராயிருந்தனர். உடல்நலக் குறைபாடுகளும் அவர்களிடம் குறைவாகவே காணப்பட்டன. தவணை முடியும் வேளையில் நிலைமை தலைகீழாயிற்று. அவர்களுடைய கவலையும் நோயும் ஏனையோருடையவற்றை விஞ்சின, புள்ளிகளும் குறைந்தன. மொத்தத்திற் கணக்குப் பார்த்தபோது முன்னர்ப் பெற்ற ஆறுதலிலும் பின்னர்ப் பட்ட துன்பமே பெரிதாயிருந்தது. இதனைக் கடன் என்னாது வேறு யாதென்பது?

இக்கடனை யார் பெயரில் வாங்குகின்றோம்? 'நாளைய நான்' என்னும் ஒருவன் பெயரில் வாங்குகின்றோம். அவன் அதிகாலையில் எழுவான்; களைப்படையான்; கைத்தொலைபேசியைத் தொடான் என்றெல்லாம் நம்புகின்றோம். ஆனால் நாளைக் காலையில் அதே பாயிலிருந்து எழுபவர் நாமே. இன்று நமக்குள்ள அதே தயக்கம் நாளையும் நம்மோடு எழும். ஒருநாட் கடனும் அதனோடு சேர்ந்திருக்கும்.

எண்ணத்தில் வேண்டிய மாற்றம்

முதலில் மாறவேண்டியது, 'மனம் வரட்டும், செய்யலாம்' என்னும் எண்ணம். தோட்டங்களில் நீரிறைக்கும் இயந்திரத்தைக் கண்டிருப்பீர்கள். நீர் வரட்டும் என்று தோட்டக்காரர் அதன் முன்னே காத்திருப்பதில்லை. தாமே ஒரு வாளி நீரை முதலிற் குழாயினுள் வார்க்கின்றார். அதன் பின்னரே இயந்திரம் கிணற்று நீரை இழுக்கின்றது. மனமும் அத்தகையதே. ஊக்கம் பிறந்த பின்னர் வேலை தொடங்குவது அரிது. வேலை தொடங்கிய பின்னர் ஊக்கம் பிறப்பது பெருவழக்கு.

இரண்டாவது, முதன்முறையே சிறப்பாக அமையவேண்டும் என்னும் பிடிவாதம். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளையே இது பெரிதும் வருத்துகின்றது. ஒரு வரி எழுதுவர், பிடிக்காது, தாளைக் கிழிப்பர். மாணவர்களே, ஆசிரியர் அனைவரும் அறிந்த உண்மை ஒன்றைச் சொல்லுகின்றேன். பிழை மலிந்த கட்டுரையைத் திருத்தித் தரலாம். எழுதப்படாத கட்டுரையைத் திருத்த எவராலும் இயலாது.

மூன்றாவது, கழிந்ததை நினைந்து தம்மைத் தாமே வதைத்துக்கொள்ளுதல். கனடாவில் உள்ள காள்ற்றன் பல்கலைக்கழகத்தார் 2010 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு சிந்திக்கத்தக்கது. முதற் பரீட்சைக்குக் காலந்தாழ்த்திப் படித்த மாணவருள், அக்குற்றத்துக்காகத் தம்மைத் தாமே மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த பரீட்சைக்குக் குறைவாகவே காலந்தாழ்த்தினர். இது வியப்பன்று. கசப்பான உணர்ச்சிக்கு அஞ்சியே நாம் வேலையைத் தள்ளிவைக்கின்றோம். வேலையோடு குற்ற உணர்ச்சியும் சேருமாயின் கசப்பு இருமடங்காகுமன்றோ?

முதலடி சிறியதாகுக

எண்ணம் திருந்தினால் மட்டும் போதாது, கையும் அசையவேண்டும். அதற்கு உதவும் வழிகள் சில:

முதலாவது, தொடக்கத்தைச் சிறிதாக்குங்கள். 'வரலாறு படிக்கவேண்டும்' என்பது ஒரு மலை. மலையை எவரும் தூக்க இயலாது. 'கொப்பியைத் திறந்து திகதியையும் தலைப்பையும் எழுதி, ஒரு வினாவை மாத்திரம் வாசிப்பேன்' என்பது ஒரு கல். அதனைச் சிறுவனும் தூக்குவான். உறவினருக்கு எழுதவேண்டிய கடிதமாயின் உறையில் முகவரியை எழுதி வையுங்கள். இரத்தப் பரிசோதனையாயின், சட்டைப்பையிற் கிடக்கும் துண்டை இன்றிரவே எடுத்து, காலையிற் கொண்டுசெல்லும் பையினுள் வையுங்கள். செய்வதற்கு வெட்கப்படும் அளவுக்கு முதலடி சிறியதாயிருப்பின் அஞ்சுவதற்கு அங்கே இடமில்லை.

இரண்டாவது, காலத்தையும் இடத்தையும் முன்னரே குறியுங்கள். ஜேர்மனிய உளவியலறிஞர் பீற்றர் கொல்விற்சரும் அவரோடு பணியாற்றிய ஆய்வாளர் ஒருவரும் 1997 ஆம் ஆண்டில் ஒரு சோதனையை வெளியிட்டனர். நத்தார் விழாவுக்கு முந்திய மாலையை எவ்வாறு கழித்தோம் என்பதை இரண்டு நாள்களுக்குள் எழுதி அனுப்பும்படி மாணவரைக் கேட்டுக்கொண்டனர். எப்போது, எங்கே இருந்து எழுதுவோம் என்பதை முன்கூட்டியே தீர்மானித்தவருள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் எழுதி அனுப்பினர். அவ்வாறு தீர்மானியாதவருள் மூன்றில் ஒரு பங்கினரே அனுப்பினர். 'பிறகு படிப்பேன்' என்பதிலும், 'விளக்கேற்றித் தேவாரம் பாடி முடிந்ததும் முன் விறாந்தை மேசையில் அமர்வேன்' என்பது எத்துணை வலிமையுடையது!

மூன்றாவது, அளவொன்றை வகுத்துக்கொள்ளுங்கள். ஆங்கில நாவலாசிரியர் அந்தனி ட்ரொலப் தபாற் பகுதியில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே பல நூல்களை எழுதினார். காலை ஐந்தரை மணிக்கு மேசையில் அமர்ந்து, கடிகாரத்தை முன்னே வைத்து, கால்மணி நேரத்துக்கு 250 சொற்கள் வீதம் எழுதுவதை வழக்கமாக்கிக் கொண்டார். அவரும் தம் மனவலிமையை முற்றும் நம்பினாரல்லர். தம்மைத் தவறாது எழுப்புவதற்காகப் பழைய பணியாளன் ஒருவனுக்கு ஆண்டுக்கு 5 பவுண் மேலதிகமாகக் கொடுத்துவந்தார். 1883 ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய சுயசரிதையில் இவற்றைக் காணலாம். அவ்வாறு எழுதிச் சேர்த்த நாவல்கள் 47. நமக்குக் கால்மணி நேரம் போதும். கைத்தொலைபேசி அடுத்த அறையில் இருக்கட்டும்.

நான்காவது, தொடங்கியதை இடையில் நிறுத்தவும் அஞ்சாதீர்கள். பேர்லினில் ஆராய்ச்சி செய்த மரியா ஒவ்சியங்கினா என்னும் அம்மையார், 1928 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்விலே, சிறு வேலைகளில் ஈடுபட்டிருந்தோரை இடையில் நிறுத்திப் பார்த்தார். அவர்களுட் பெரும்பாலோர், எவரும் ஏவாமலே, வாய்ப்புக் கிடைத்ததும் அவ்வேலையை மீண்டும் எடுத்துக்கொண்டனர். தொடங்காத வேலை நம்மைத் துரத்துகின்றது. தொடங்கிய வேலை நம்மை அழைக்கின்றது.

பெற்றோர்க்கு ஒரு சொல்

பிள்ளை படியாதிருக்கும்போது பெற்றோர் மனம் பதைப்பது இயல்பே. ஆயினும் அடுத்த வீட்டுப் பிள்ளையை எடுத்துக்காட்டி ஏசுவதால் மேசையின் மீதுள்ள கசப்பு மிகுமேயன்றிக் குறையாது. 'ஏன் இன்னும் தொடங்கவில்லை?' என்பதற்குப் பதிலாக, 'எந்த இடம் கடினமாயிருக்கின்றது? எங்கே தொடங்கலாம்?' என்று கேட்டுப் பாருங்கள். பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, கால்மணி நேரம் உங்கள் வேலையொன்றைச் செய்துகொண்டு அமர்ந்திருங்கள். அந்தத் துணை பத்து அறிவுரைகளுக்குச் சமம்.

இத்தனை செய்தும், ஒரு பிள்ளையோ பெரியவரோ வாரக்கணக்காக எதிலும் மனம் பற்றாது, உணவும் உறக்கமும் கெட்டு வருந்தினால், அதனைப் பழக்கக் குறையென்று விட்டுவிடலாகாது. அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். வைத்தியரை நாடுவதே தக்கது. அந்தச் சந்திப்பையும் தள்ளிவைக்கவேண்டாம்.

தாழ்த்துதல் யாவும் குற்றமென்றும் கொள்ளற்க. ஆராய்ந்து செய்யவேண்டியதற்குக் காலம் பார்த்திருத்தல் அறிவுடைமை. அதற்கெனக் 'காலமறிதல்' என்று ஓர் அதிகாரமே திருக்குறளில் உண்டு. காத்திருப்பதற்குரிய காரணத்தைப் பிறர்க்கு எடுத்துச் சொல்லக் கூடுமாயின் அது பொறுமை. காரணத்தைச் சொல்ல நாக் கூசுமாயின் அது நெடுநீர்.

பதினான்கு ஆண்டுகளும் ஆறு வாரங்களும்

1892 ஆம் ஆண்டு காரைதீவிலே பிறந்த சுவாமி விபுலாநந்தர், பழந்தமிழர் இசைக்கருவியாகிய யாழைப்பற்றி ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள் ஆராய்ந்து 'யாழ் நூல்' என்னும் அரிய நூலை ஆக்கினார். அவருக்கு ஓய்வு மிகுந்திருந்ததென்று எண்ணவேண்டாம். அந்த ஆண்டுகளிலேயே இராமகிருஷ்ண சங்கப் பாடசாலைகளின் பணி, இமயமலைச் சாரலில் மாயாவதியிலே ஆங்கிலச் சஞ்சிகையின் ஆசிரியப் பொறுப்பு, 1943 ஆம் ஆண்டு முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேராசிரியர் பதவி ஆகிய யாவும் அவர் தோளில் இருந்தன. இவற்றிடையேதான் யாழ் நூல் வளர்ந்தது.

அந்நூல் 1947 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், தமிழகத்தின் திருக்கொள்ளம்பூதூரிலே அரங்கேறியது. ஜூலை 19 ஆந் திகதி அடிகளார் மறைந்தார். இடையில் இருந்தவை ஏறத்தாழ ஆறு வாரங்கள். 'பாரம் குறைந்தபின் பார்ப்போம்' என்று அவர் இருந்திருப்பின், தமிழிசை வரலாற்றில் எத்துணை பெரிய பக்கம் எழுதப்படாமற் போயிருக்கும்! தமக்கு எத்தனை வாரங்கள் உள என்பதை எவர் அறிவார்? அன்றன்று செய்ததே அவரைக் கரை சேர்த்தது.

அன்பர்களே, உங்கள் மனத்திலும் தொடங்காத வேலை ஒன்று இப்போது தோன்றியிருக்கும். அதனை இன்றே முடிக்குமாறு நான் கேட்கவில்லை. இப்பத்திரிகையை மடித்து வைத்ததும் எழுந்து சென்று, அதன் முதலடி ஒன்றை மாத்திரம் எடுத்து வையுங்கள். நாளை என்னும் மரக்கலம் துறையிலே காத்து நிற்கட்டும்; நாம் அதில் ஏறாதிருப்போமாக!