வண்டியும் நாள்வழி எழுதுகிறது



காலையில் கடை திறந்ததும் நாள்வழியைப் புரட்டாமல் நாம் வியாபாரத்தைத் தொடங்குவதில்லை. யாரோ ஒருவர் வந்து "எனக்குப் பத்தாயிரம் பாக்கி" என்றால், ஏட்டைப் பார்க்காமல் எடுத்துக் கொடுத்துவிடுவோமா? ஆனால் வண்டி பழுது பார்க்கும் பட்டறையில் மட்டும், சொன்ன தொகையை மறுபேச்சின்றி எண்ணி வைத்துவிட்டு வருகிறோம். வண்டிக்குள்ளும் ஒரு நாள்வழி இருக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாததே காரணம்.

நமக்கும் தெரியாமல்தான் இருந்தது. சென்ற ஐப்பசி மழையில், மாமல்லபுரத்து ஓட்டல்களில் நிலுவை வசூலிக்கச் செங்கல்பட்டிலிருந்து காரில் புறப்பட்டோம். கிளட்ச் மிதி இல்லாமல் தானே கியர் மாற்றிக்கொள்ளும் கார். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் கியர் மாற மறுத்தது. மீட்டர் பலகையில் மஞ்சள் விளக்கு எரிந்தது. ஊர்ந்து ஊர்ந்து ஒரு பட்டறையில் சேர்த்தோம். "கியர்பாக்ஸ் போய்விட்டது ஐயா, மாற்ற 85,000 ரூபாய் ஆகும்" என்றார்கள். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டோம். "கருவி போட்டோம், கோட் வந்தது, அழித்துவிட்டோம்" என்றார்கள். எழுதிய கணக்கை அழித்துவிட்டுப் பணம் கேட்டால் எந்த வியாபாரி கொடுப்பான்? வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம்.

இரண்டு நாளில் விளக்கு மறுபடி எரிந்தது. இம்முறை வேறொரு மெக்கானிக் தம்பியிடம், "எதையும் தொடுவதற்கு முன் ஏட்டைப் படியுங்கள்" என்றோம். கியர்பாக்ஸின் தண்டு சுற்றும் வேகத்தை அளக்கும் சென்சாரிலிருந்து தகவல் விட்டு விட்டு வருகிறது என்று பதிவாகி இருந்தது. அதன் ஒயர் முனையைக் கழற்றினால் உள்ளே பச்சைக் களிம்பு. கடற்கரைச் சாலையில் ஓடும் வண்டிக்கு உப்புக் காற்று செய்கிற வேலை. முனையை மாற்றி 1,800 ரூபாயில் முடிந்தது. இன்றுவரை விளக்கு எரியவில்லை.

இந்த ஏட்டுக்கு ஓபிடி என்று பெயர். புகையைக் கட்டுப்படுத்த வந்த ஏற்பாடு இது. அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு மாடல் முதல் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமாயிற்று. நம் நாட்டில் பாரத் ஸ்டேஜ் 4 விதிகளோடு 2010இல் தொடங்கி, 2013இல் விரிவடைந்து, 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6இல் மேலும் இறுகியது. ஸ்டியரிங்குக்குக் கீழே 16 முனை கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். ஸ்கேனர் கருவியை மாட்டிப் படிக்கும் இடம் அதுதான்.

அது கணக்குப் பார்க்கும் விதம் நமக்குப் பழகியதே. கியர்பாக்ஸுக்குள் வரும் தண்டின் சுற்றையும், வெளியே போகும் தண்டின் சுற்றையும் இரண்டு சென்சார்கள் எண்ணுகின்றன. குறிப்பிட்ட கியரில் உள்ளே 1,500 சுற்று என்றால் வெளியே 1,000 சுற்று வரவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 800 தான் வந்தால் எங்கோ வழுக்குகிறது. வரவுக்கும் இருப்புக்கும் ஒத்துப்போகாத கிடங்கைப் போல! உடனே ஒரு கோட் எண் பதிவாகிறது. அந்த நேரத்தில் இன்ஜின் வேகம், வண்டியின் வேகம், சூடு ஆகியவையும் சேர்ந்து பதிவாகின்றன. கோளாறு மீண்டும் வராமல் மூன்று ஓட்டம் ஓடினால் விளக்கு அணையும். ஆனால் பதிவு உடனே போவதில்லை. 40 முறை இன்ஜின் சூடேறி ஆறும் வரை நிற்கும்.

இங்கேதான் ஏமாற்றத்துக்கும் இடம் இருக்கிறது. பி0700 என்று ஒரு கோட் உண்டு. "கியர் பகுதியில் புகார் இருக்கிறது, அந்த ஏட்டைப் பார்" என்பதே அதன் பொருள். கியரைக் கவனிக்கும் கம்ப்யூட்டர் தனியாக வைத்திருக்கும் பதிவைப் படித்தால்தான் விவரம் தெரியும். மலிவான கருவிகள் பல இன்ஜின் ஏட்டோடு நின்றுவிடும். பி0700ஐ மட்டும் பார்த்துக் கியர்பாக்ஸை இறக்கச் சொல்வது, பேரேட்டின் அட்டையைப் பார்த்துப் பாக்கி சொல்வது போன்றது. விவரமான கோட்கூட முடிவான தீர்ப்பு அல்ல. ஆயில் குறைவு, பேட்டரி பலவீனம், ஒயர் அறுந்தது, கிளட்ச் தேய்ந்தது என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். சோதித்துத்தான் சொல்ல வேண்டும்.

நம் லோடு வண்டிகளில் பெரும்பாலானவை கையால் கியர் போடுபவை. அவற்றின் கியர்பாக்ஸில் இத்தனை சென்சார்கள் இல்லை. பல் தேய்ந்து உறுமினாலும், கிளட்ச் கருகி நாறினாலும் விளக்கு எரியாமலே போகலாம். அங்கே டிரைவர் சொல்லுக்குக் காது கொடுக்க வேண்டும்.

பெரிய நிறுவனங்களும் இதில் தவறியதுண்டு. ஆஸ்திரேலியாவில் பவர்ஷிப்ட் கியர்பாக்ஸ் கார்கள் அதிர்கின்றன என்று முறையிட்டவர்களிடம், "நீங்கள் ஓட்டும் முறைதான் காரணம்" என்று சொன்ன ஃபோர்டு நிறுவனத்துக்கு, 2018இல் அந்நாட்டு நீதிமன்றம் ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. வண்டி வைத்திருப்பவன் கையில் எழுத்துப்பூர்வமான பதிவு இருந்தால், பழியை அவன் தலையில் கட்டுவது எளிதல்ல.

எனவே உறுப்பினர்கள் மூன்றைக் கடைப்பிடிக்க வேண்டுகிறோம். பழுது பார்க்கும் முன் எல்லாக் கோட்களையும் தாளிலோ போட்டோவாகவோ வாங்குங்கள். அதற்கு முன் அழிக்க விடாதீர்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டுப் பெறுங்கள். பழைய வண்டி வாங்குவோரும் கருவி போட்டுப் பார்க்கட்டும். அண்மையில் பதிவை அழித்திருந்தால், சோதனைகள் முடியவில்லை என்று கருவி காட்டிக்கொடுக்கும்.

நியாயம் கிடைக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. வியாபாரிக்கு நுகர்வோர் சட்டம் இல்லை என்று ஒதுங்க வேண்டாம். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவருக்கு 2019ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது.

கியர் ஏட்டையும் படிக்கும் கருவி ஒன்றை நம் சங்கமே வாங்கி அலுவலகத்தில் வைத்தால், ஒரு உறுப்பினருக்கு மிச்சமாகும் பணத்திலேயே அதன் விலை தேறிவிடும். அடுத்த பொதுக்குழுவில் இதை முன்மொழிய இருக்கிறோம். ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்று வளர்ந்தவர்கள் நாம். பட்டறையிலும் அளந்தே போடுவோம்.