கட்-அவுட்டைக் குறை சொல்லாதீர்!

கோட்டக்குப்பம் போன்ற கடலோர ஊர்களில் கீசர் செய்யும் தொல்லை தெரிந்ததுதான்: தண்ணீர் கொதிக்கும், பிறகு தானாக நின்றுவிடும். சாயங்காலம் வயரிங் வேலைக்குப் போகும் நம் தோழர்களிடம் வீட்டுக்காரர் சொல்வார்: "அந்தக் கட்-அவுட்டைத் தூக்கிட்டு டைரக்டா குடுத்துடுப்பா!"

செய்யாதீர்கள்! கொதிகலன் பாடத்தில் ஃபியூசிபிள் பிளக் படித்தோமே? தண்ணீர் மட்டம் இறங்கினால் தான் உருகி, நீராவியை உலைக்குள் பாயவிட்டு நெருப்பை அணைக்கும். அதன் வீட்டுத் தம்பிதான் கட்-அவுட். தெர்மோஸ்டாட் தவறும்போது காவல் நிற்பவன். அவனை நீக்கினால் மிஞ்சுவது பாதுகாப்பு வால்வு ஒன்றே; அதுவும் உப்பேறி அடைத்திருந்தால் தொட்டி வெடிக்கும், உயிர் போகும்.

கடின நீர் சூடானால் கால்சியம் கார்பனேட் படியும். தெர்மோஸ்டாட் குழல்மேல் படிந்தால் அது சூட்டைத் தாமதமாகவே உணரும். ஆகவே மெயினை அணைத்து, ஆறவிட்டு, ரீசெட் பட்டனை ஒரே முறை அழுத்துங்கள். மறுபடி நின்றால் தெர்மோஸ்டாட்டைச் சோதியுங்கள், காயிலைக் கழற்றி உப்பை நீக்குங்கள், வால்வையும் பாருங்கள்.

நின்றதை ஓடவைக்க ஒரு துண்டு வயர் போதும். ஏன் நின்றது என்று கேட்கத்தானே நாம் டிப்ளமோ படிக்கிறோம்?