1968 கிட்டாரும் ஒரு எத்தா சிவில் குமாஸ்தாவும்

கிட்டாருக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். ஒரு சம்பந்தமும் இல்லை. எனக்கு வாசிக்கவும் தெரியாது, வாசிப்பவர் தப்பு செய்தால் கண்டுபிடிக்கவும் தெரியாது. ஆனாலும் போன மாதம் முழுவதும் ஒரு பழைய எலெக்ட்ரிக் கிட்டாரின் வயதைக் கண்டுபிடிக்கும் வேலையில் மாட்டிக்கொண்டேன். அதில் எனக்குச் சில அபிப்பிராயங்கள் உண்டாகியிருக்கின்றன.

முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவிலேயே இருந்தவர் அவர். பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக இருந்து பென்ஷனோடு ஊர் திரும்பியவர். என்னைவிட ஐந்து வயது மூத்தவர். இரண்டு வருஷத்துக்கு முன் காலமானார். அவர் கொண்டு வந்த கிட்டார் ஒன்று வீட்டில் பீரோ மேல் பெட்டியோடு கிடந்தது. "1968இல் முதல் சம்பளத்தில் வாங்கிய ஸ்பெயின் நாட்டு கிட்டார்" என்பது அந்த வீட்டில் எல்லோரும் சொல்லும் கதை. பிரான்சில் இருக்கும் மகன், அது லட்சக்கணக்கில் போகும், அவசரப்பட்டு யாருக்கும் கொடுத்துவிடாதே என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறான்.

அதற்குள் யாரோ சொல்லி ஒரு கடைக்காரர் வந்து பார்த்திருக்கிறார். திருப்பிப் பார்த்துவிட்டு, "இது ஜப்பான் டூப்ளிகேட்டும்மா, ஆறாயிரம் தர்றேன்" என்றாராம். அண்ணிக்கு ஆறாயிரம் பெரிதில்லை. டூப்ளிகேட் என்ற வார்த்தைதான் தைத்துவிட்டது. அன்று சாயங்காலமே எனக்கு ஆள் வந்தது.

"தம்பி, நீங்க எத்தா சிவில்ல இருந்தவரு. வயசு பாக்கத் தெரியுமே. இதுக்கும் பாத்துச் சொல்லுங்க. அவரு என்கிட்ட பொய் சொல்லியிருக்க மாட்டாரு."

புதியவர்களுக்காக ஒரு வார்த்தை. எத்தா சிவில் என்றால் பிறப்பு, இறப்பு, கல்யாணப் பதிவு. பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து புதுச்சேரியில் அந்தப் பேர்தான். நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். வேலையில் சேர்ந்தபோது அந்தப் பழைய ரெஜிஸ்தர்களை வாசிக்கத் தெரிந்த பையன் என்று என்னை அந்த மேசையில் உட்கார வைத்தார்கள். ரிட்டையர் ஆகும் வரை பெரும்பாலும் அதே வேலை. பென்ஷனுக்காக, பிரெஞ்சு நாஸியோனாலித்தேவுக்காக, பாகப்பிரிவினைக்காக என்று வயதைத் தேடி வருவார்கள். "புயலடிச்ச வருஷம் பொறந்தேன்" என்பார் ஒருவர். ரெஜிஸ்தரைப் புரட்டினால் புயலுக்கு நாலு வருஷம் தள்ளி இருக்கும். அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய அம்மா சொன்னதைச் சொல்கிறார், அவ்வளவுதான்.

பிரெஞ்சுப் பதிவில் எனக்குப் பிடித்த விஷயம், ஒவ்வொரு பிறப்புப் பதிவிலும் அதைச் சொல்ல வந்தவர் யார், அவருக்கு என்ன வயது, என்ன தொழில் என்று எழுதியிருக்கும். கையெழுத்துப் போடத் தெரியாவிட்டால் அதையும் எழுதுவார்கள். அதாவது தகவலோடு தகவல் சொன்னவரும் பதிவாகிவிடுகிறார்.

சரி, கிட்டாருக்கு வருகிறேன். என் தங்கை மகன் சர்ச் கொயரில் வாசிக்கிறான், ரிப்பேரும் செய்வான். அவனை ஸ்க்ரூ டிரைவரோடு அழைத்துப் போனேன். நான் பூதக்கண்ணாடி எடுத்துக்கொண்டேன்.

தலைப்பகுதியில் 'இபானேஸ்' என்று எழுதியிருந்தது. ஸ்பெயின் கதை எங்கிருந்து வந்தது என்று அங்கேயே விளங்கிவிட்டது. சால்வதோர் இபானேஸ் என்பவர் ஸ்பெயினில் வாலென்சியா நகரத்தில் கிட்டார் செய்தவர். 1920இல் இறந்துபோனார். ஜப்பானில் நகோயா நகரத்து ஹோஷினோ என்ற கம்பெனி 1929 முதல் அந்தப் பட்டறையின் கிட்டார்களை இறக்குமதி செய்து விற்றது. பிறகு அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டு சொந்தமாக விற்க ஆரம்பித்தது. ஆக பெயர் ஸ்பெயின், பிறப்பு ஜப்பான். பெயரை வைத்து ஊரைச் சொல்வது எவ்வளவு ஆபத்து என்பது நமக்குத் தெரியாததா? எங்கள் ஆபீசில் பிரெஞ்சுப் பெயர் வைத்திருந்த பாதிப் பேர் பிரான்சைப் பார்த்ததே இல்லை.

தலைப்பகுதியின் பின்புறம் ஓர் ஆங்கில எழுத்தும் ஆறு இலக்கங்களும் இருந்தன. எழுத்து 'எச்', முதல் இரண்டு இலக்கங்கள் 78. தங்கை மகன் பார்த்தவுடனே, "மாமா, 1978 ஆகஸ்டு" என்றான். 1975 முதல் பத்து வருஷத்துக்கு மேல் இந்தக் கம்பெனி இப்படித்தான் எண் போட்டதாம். ஏ முதல் எல் வரை பன்னிரண்டு எழுத்துக்கள், பன்னிரண்டு மாதங்கள். அடுத்த இரண்டு இலக்கம் வருஷம். மற்றவை வரிசை எண். 1975க்கு முந்திய கிட்டார்களில் எண்ணே கிடையாதாம். அப்படியானால் 1968 எப்படி முடியும்?

எல்லாக் கம்பெனியும் இவ்வளவு ஒழுங்காக இருந்ததில்லை. அமெரிக்காவின் கிப்ஸன் கம்பெனி 1960களில் ஒரே எண்ணைப் பல வருஷங்களில் திரும்பத் திரும்பப் போட்டது. எங்கள் ஆபீசில் ஒரு குமாஸ்தா அப்படிச் செய்திருந்தால் மெமோ வந்திருக்கும். 1977க்குப் பிறகு திருந்தி எட்டு இலக்க எண் போட்டார்கள். முதல் இலக்கமும் ஐந்தாவது இலக்கமும் சேர்ந்தால் வருஷம், நடுவில் உள்ள மூன்றும் அந்த வருஷத்தின் எத்தனையாவது நாள் என்பது. 82133 என்று தொடங்கினால் 1983ஆம் வருஷத்தின் 213ஆவது நாள், அதாவது ஆகஸ்டு 1. வருஷத்தைப் பிய்த்து இரண்டு இடத்தில் வைக்க யாருக்குத் தோன்றியதோ! ஃபென்டர் கம்பெனியோ 1976 வரை, கழுத்தை உடம்போடு சேர்க்கும் இரும்புத் தகட்டில் எண் அடித்தது. பெட்டியில் கைக்கு வந்த தகட்டை எடுத்து மாட்டியிருக்கிறார்கள். நாலு திருகாணியைக் கழற்றினால் தகடு வேறு கிட்டாருக்குப் போய்விடும். அந்த எண்ணை வைத்து வயது சொல்பவரை நான் நம்பமாட்டேன்.

பின் மூடியைக் கழற்றி உள்ளேயும் பார்த்தோம். ரேடியோவில் இருக்கும் அதே வால்யூம் கன்ட்ரோல்கள்தான். அமெரிக்க கிட்டாராக இருந்தால் அதன் முதுகில் 137 66 32 என்பது போல ஓர் எண் இருக்குமாம். 137 என்பது அதைச் செய்த கம்பெனி, 66 வருஷம், 32 வாரம். அதைக் கேட்டதும் எனக்கு முத்திரைத்தாள் ஞாபகம் வந்தது. 1961 தேதியிட்ட பத்திரம் 1966இல் விற்ற முத்திரைத்தாளில் இருந்தால் அது பொய்ப் பத்திரம். ஆனால் தாள் 1958இல் விற்றது என்பதால் பத்திரம் 1958இல் எழுதியது என்று ஆகாது. வாங்கிப் பெட்டியில் வைத்திருக்கலாம். அந்த வால்யூம் கன்ட்ரோலும் அப்படித்தான். 1966க்கு முன் அந்தக் கிட்டார் பிறந்திருக்காது, அதுவும் கன்ட்ரோல் பிறகு மாற்றியதாக இல்லாவிட்டால். இதற்கு மேல் அது ஒன்றும் சொல்லாது. இதை மறந்துவிட்டு ஓர் எண்ணைப் பார்த்ததுமே "1966 மாடல்" என்று விலை சொல்பவர்கள் நிறைய.

எங்கள் கிட்டாரில் ஒரு பிக்கப்பின் ஈயப்பற்று மட்டும் பளபளவென்று இருந்தது. மற்றதெல்லாம் மங்கல். யாரோ பின்னால் மாற்றியிருக்கிறார்கள்.

இனி அந்த டூப்ளிகேட் விவகாரம். கிட்டாரின் உடம்பு கிப்ஸனின் லெஸ் பால் கிட்டாரைப் போல இருப்பது உண்மை. 1970களில் ஜப்பான்காரர்கள் அமெரிக்கக் கிட்டார்களைப் பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். 1977இல் கிப்ஸனின் தாய்க் கம்பெனி, தலைப்பகுதியின் வடிவத்தைக் காப்பியடித்ததாக ஹோஷினோவின் அமெரிக்கக் கிளை மேல் வழக்குப் போட்டது. மறுவருஷம் ராஜியாகிவிட்டார்கள். ஆனால் வழக்கு வருவதற்கு முன்பே ஜப்பான்காரர்கள் தலைப்பகுதியை மாற்ற ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் 1978 கிட்டாரும் மாற்றிய தலையோடுதான் இருக்கிறது, இபானேஸ் என்று தன் சொந்தப் பெயரைப் போட்டுக்கொண்டு. அது எப்படி டூப்ளிகேட் ஆகும்? இவற்றைச் செய்தது மத்சுமோத்தோ நகரத்து ஃபுஜிகென் தொழிற்சாலை. 1982இல் ஃபென்டர் கம்பெனியே ஜப்பானில் கிளை தொடங்கி, அதே ஃபுஜிகென்னில்தான் தன் கிட்டார்களைச் செய்ய வைத்தது. நம் சின்ன வயதில் ஜப்பான் பொம்மை என்றால் தொட்டால் நசுங்கும் தகரம். 1980இல் சிங்கப்பூரிலிருந்து நேஷனல் பானசோனிக் வந்து இறங்கினால் தெருவே கூடிப் பார்த்தது. கடைக்காரர் இன்னும் தகர பொம்மையிலேயே நிற்கிறார். அல்லது வாங்கும்போது மட்டும் அப்படி நிற்கிறார்.

இதையெல்லாம் அண்ணியிடம் சொன்னபோது அவர் காதில் விழுந்தது 1978 ஒன்றுதான். கல்யாணம் 1971இல். "அப்ப அவரு எனக்கு முன்னாடியே கிட்டார் வச்சிருந்தேன்னு சொன்னது?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாமோ என்று அந்த நிமிஷம் தோன்றியது உண்மை.

கொஞ்ச நேரத்தில் ஒரு போட்டோவோடு வந்தார். கறுப்பு வெள்ளை. பாரக்கில் கட்டிலில் உட்கார்ந்து அவர் கிட்டார் வாசிக்கிறார், தலை நிறைய முடி. பின்புறம் பிரெஞ்சில் 1970 என்று அவர் கையாலேயே எழுதியிருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். போட்டோவில் உள்ள கிட்டாரின் தலையில் தந்தி முறுக்கும் கீ ஆறும் ஒரே பக்கமாக வரிசையாக இருந்தன. எங்கள் முன்னால் பெட்டியில் கிடந்ததில் இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று. பெட்டியைத் திறந்து அண்ணியை அருகில் வைத்து எண்ணிப் பார்க்கச் சொன்னேன். எண்ணினார். திரும்பவும் எண்ணினார்.

"ரெண்டு கிட்டாரா தம்பி?"

"ரெண்டு தான் அண்ணி. அவர் சொன்னது முதல் கிட்டாரை."

மனிதர் பொய் சொல்லவில்லை. ஐம்பது வருஷத்தில் இரண்டு கிட்டார் ஒரு கிட்டார் ஆகிவிட்டது, அவ்வளவுதான். ரெஜிஸ்தர்களில் இதைப்போல எத்தனையோ பார்த்திருக்கிறேன். இறந்துபோன மூத்த பிள்ளையின் பெயரையே அடுத்த பிள்ளைக்கு வைத்துவிட்டு, மூத்தவன் பிறந்த தேதியையே இவனுக்கும் சொல்லி வரும் குடும்பங்கள் உண்டு.

மகனுக்கு இது பிடிக்கவில்லை. போனில், "சித்தப்பா, 1968னே போட்டுடலாமே, யாரு எண்ணைப் பாக்கப் போறா?" என்றான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான் குமாஸ்தா வேலையில் கண்ட எத்தனையோ வழக்குகள் இந்த ஒரு வாக்கியத்தில் தொடங்கியவை. வாங்குபவன் எண்ணைப் பார்ப்பான், பார்த்ததும் உன் அப்பாவைத்தான் பொய்யர் என்பான் என்றேன். பிறகு அவனும் ஒன்றும் பேசவில்லை.

பழைய சாமான் விற்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். சாமானில் கண்டதைத் தனியாக எழுதுங்கள். குடும்பத்தில் சொல்வதையும் எழுதுங்கள், ஆனால் சொன்னவர் பெயரோடு. இரண்டையும் கலக்காதீர்கள். நான் அப்படியே ஒரு தாளில் தமிழிலும் பிரெஞ்சிலும் எழுதிக் கொடுத்தேன்: ஜப்பானில் செய்தது, எண்ணின்படி 1978 ஆகஸ்டு, ஒரு பிக்கப் பின்னால் மாற்றியது, 1968இல் வாங்கியதாகக் குடும்பத்தார் சொல்வது வேறொரு கிட்டாரைப் பற்றியது, அதற்கு 1970 போட்டோ ஒன்று உள்ளது. கீழே கையெழுத்தும் போட்டேன், பழக்க தோஷம்.

அந்தத் தாள் இப்போது கிட்டார் பெட்டிக்குள் இருக்கிறது. பெட்டி திரும்பவும் பீரோ மேல் ஏறிவிட்டது. விற்பனைப் பேச்சையே அண்ணி எடுப்பதில்லை. முதல் கிட்டார் என்ன ஆயிற்று என்பதுதான் இப்போது அவருடைய கேள்வி. அவரோடு ஒரே ரெஜிமெண்டில் இருந்தவர் ஒருவர் காரைக்காலில் இருக்கிறார். போன் போட்டுக் கேட்டேன். அவருக்குக் காது மந்தம், நான் கத்தியது எங்கள் தெருக்கோடி வரை கேட்டிருக்கும். பொங்கலுக்குப் புதுச்சேரி வருகிறாராம், போட்டோவை எடுத்து வைக்கச் சொன்னார்.