புழக்கடைக் குட்டையும் நடைக்கல் பாதையும்

நமது சரகத்துச் சங்கங்களில் ஆய்வின் பொருட்டுக் கடன் மனுக்களைப் பார்வையிடும்போது, சில ஆண்டுகளாக ஒரு புதிய நோக்கம் தலைகாட்டுவதைக் காண்கிறோம். "வீட்டுத் தோட்ட அபிவிருத்தி" என்று மனுவில் எழுதியிருக்கும். விசாரித்தால், புழக்கடையில் சிமெண்டினால் ஒரு குட்டை, அதன் நடுவே நீரூற்று, வாசற்படியிலிருந்து குட்டை வரையில் கற்கள் பதித்த ஒரு பாதை, சுற்றிலும் புல் என்று அங்கத்தினர் விவரிக்கிறார். கைப்பேசியில் கண்ட படத்தையும் எடுத்துக் காட்டுகிறார். நிர்வாகக் குழுவினரில் சிலர் இதைக் கேட்டு நகைக்கின்றனர். சிலரோ, அவர் நல்ல அங்கத்தினர், தவணை தவறாதவர் என்று சொல்லிக் கையெழுத்திட்டு விடுகின்றனர். இவ்விரண்டும் சரியல்ல என்பது நம் அபிப்பிராயம். நகைக்கத்தக்க விஷயமன்று இது. ஆயினும் இதற்குக் கடன் கொடுப்பது முறையுமன்று.

புழக்கடை என்று நாம் எழுதுவதற்குக் காரணம் உண்டு. பிற ஜில்லாக்களில் வீட்டின் பின்புறத்தைக் கொல்லை என்பார்கள். ஆலங்காயம் பக்கத்தில் கொல்லை என்றால் மானாவாரிப் புன்செய். அங்கே கடலையும் சாமையும் விளையும். ஆகவே இங்கே கொல்லையில் குட்டை என்றால் அது பண்ணைக்குட்டையாகிவிடும். பண்ணைக்குட்டைக்கு விதிகளும் திட்டங்களும் வேறு. நாம் பேசுவது வீட்டுக்குப் பின்னே பாத்திரம் துலக்கும் இடத்தையும், துவைகல்லையும், நாலு வாழையையும், முருங்கையையும் கொண்ட அந்தச் சிறு நிலத்தைப் பற்றியே.

முதலில் பாதையை எடுத்துக் கொள்வோம். நடைக்கல் பாதை பங்களாக்காரர்களின் அலங்காரம் என்று கருதுவோர், ஐப்பசி மாதத்தில் ஒரு நெசவாளியின் புழக்கடையைச் சென்று பார்க்க வேண்டும். நமது செம்மண் இரண்டு மழைக்குக் குழம்பாகிவிடும். கழிப்பிடமும் துவைகல்லும் அந்தச் சேற்றைத் தாண்டித்தான் இருக்கின்றன. இடுப்பில் குடத்துடன் செல்லும் பெண்ணும், விடியற்காலையில் எழுந்து செல்லும் வயோதிகரும் அதில்தான் கால் வைக்க வேண்டியிருக்கிறது. வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த கிழவி ஒருத்திக்கு ஆகும் வைத்தியச் செலவில், ஊர் முழுவதற்கும் கற்கள் பதித்து விடலாம். இந்தப் பாதைக்கு விலையுயர்ந்த கல் வேண்டுவதில்லை. கல் உடைப்போரிடம் கழிவாகக் கிடக்கும் பலகைக் கற்கள் போதும். உடைந்த அம்மி, தேய்ந்த ஏந்திரக்கல் ஆகியவையும் நன்கு பயன்படும். கல்லின் கனம் இரண்டு அங்குலத்துக்குக் குறையலாகாது. கல்லின் நடுவிலிருந்து அடுத்த கல்லின் நடு வரையில் இரண்டடி இருந்தால் நடுவயதினருக்குச் சரியாகும். வீட்டில் முதியவர் இருந்தால் ஒன்றரை அடியாகக் குறைக்க வேண்டும். வைப்பதற்கு முன் அந்த முதியவரையே நடக்கச் சொல்லி, அவர் பாதம் படும் இடங்களில் சுண்ணாம்பினால் குறியிட்டுக்கொள்வது எல்லா அளவுகோலையும் விடச் சிறந்தது. மூன்றங்குல ஆழத்துக்கு மண்ணை எடுத்து, மணல் பரப்பி, கல்லை அதன்மேல் அமர்த்தி, தரைமட்டத்துக்கு அரை அங்குலம் மேலே நிற்கும்படி செய்தால் மழைநீர் கல்லின்மேல் தங்காது. மெருகிட்ட கல் கூடவே கூடாது. கொத்திய முகமுள்ள கல்லே காலைப் பிடிக்கும்.

படங்களில் குட்டையின் குறுக்கே கற்களை வைத்துத் தாண்டிச் செல்வது போல் காட்டுகிறார்கள். பார்வைக்கு அது அழகுதான். ஆனால் ஆறு மாதத்தில் பாசி படிந்து, தாண்டுகிறவர் குட்டைக்குள் இருப்பார். பாதை குட்டையைச் சுற்றிச் செல்லட்டும்.

இனிக் குட்டைக்கு வருவோம். இங்கேதான் கணக்குப் பார்க்க வேண்டும். பத்தடி நீளம், ஆறடி அகலம், இரண்டரையடி ஆழமுள்ள குட்டையின் கொள்ளளவு 150 கன அடி, அதாவது சுமார் 4,250 லிட்டர். ஐந்நூறு சதுர அடிக் கூரையின்மேல் ஓர் அங்குல மழை பெய்தால் ஏறத்தாழ 1,180 லிட்டர் நீர் விழுகிறது. ஆண்டில் முப்பத்தாறு அங்குலம் பெய்தால், அதில் ஐந்தில் ஒரு பங்கு வீணாகிப் போனாலும், சுமார் 34,000 லிட்டர் கிடைக்கும். அதாவது ஒரு சாதாரண வீட்டின் கூரை அந்தக் குட்டையை ஆண்டுக்கு எட்டு முறை நிரப்பவல்லது. இந்த நீர் இன்று எங்கே போகிறது? தெருச் சாக்கடைக்குப் போகிறது. தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கி 2003ஆம் ஆண்டில் அவசரச் சட்டம் வந்தது. அப்போது பதித்த குழாய்கள் பல வீடுகளில் இன்று வெறும் குழாய்களாகவே நிற்கின்றன. கீழே குழி தூர்ந்து போயிற்று. அக்குழாயைக் குட்டைக்குத் திருப்புவதே முதல் வேலை. முதல் மழையின் நீர் கூரை அழுக்குடன் வரும். அதை வெளியே விட்டுவிட வேண்டும். குட்டை நிரம்பி வழியும் நீர், சல்லியும் மணலும் இட்ட ஓர் உறிஞ்சுகுழியில் இறங்கட்டும்.

ஆனால் கோடையில் என் குட்டை வறண்டு விடுமே என்று அங்கத்தினர் கேட்கிறார். ஆம், வறண்டு விடும். சித்திரை வெயிலில் நாளொன்றுக்கு ஏழு மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று கொண்டால், அறுபது சதுர அடி நீர்ப்பரப்பு தினம் சுமார் நாற்பது லிட்டரை இழக்கிறது. நூறு நாளில் இரண்டேகால் அடிக்கு மேல் நீர் இறங்கிவிடும். இதைக் கண்டு பயந்து ஆழ்துளைக் கிணற்றின் மோட்டாரைப் போடுவதையே நாம் ஆட்சேபிக்கிறோம். நம் ஏரிகள் கோடையில் வறள்வதில்லையா? வறண்ட ஏரியில் வண்டல் எடுத்து நிலத்துக்கு அடித்த குடும்பங்கள்தாமே நாம்! குட்டை வற்றினால் மீன்களை ஒரு தொட்டிக்கு மாற்றி, அடிச்சேற்றை வாரிக் கத்திரிச் செடிகளுக்கு இட வேண்டும். வேலூர் இலவம்பாடி முள்ளுக் கத்திரி 2023இல் புவிசார் குறியீடு பெற்றதை அங்கத்தினர் அறிவர். அத்தகைய நாட்டு வகைகளுக்கு இந்தச் சேற்றைவிட ஏற்ற உரம் எளிதில் கிடைக்காது. ஆண்டு முழுவதும் நீர் ததும்ப வேண்டும் என்ற பிடிவாதம் நம் பருவத்துக்குப் பொருந்தாத ஒன்று. அது வேறு தேசத்துப் படங்களிலிருந்து வந்தது.

நீரைக் குறித்து நாம் இவ்வளவு கண்டிப்பாக எழுதுவது ஏன் என்பதைத் தோல் தொழில் வட்டாரத்தில் வாழும் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை வரையில் பாலாற்றங்கரைக் கிணறுகள் எவ்வாறு உப்பாயின என்பது ஊரறிந்த கதை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும், கெடுவதற்கு முன்பே தடுக்க வேண்டும் என்ற இரு கொள்கைகளும் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியே என்று அத்தீர்ப்பு கூறியது. இந்தியாவெங்கும் சட்டம் பயில்வோர் நம் ஆற்றின் பெயரால் அக்கொள்கைகளைப் படிக்கின்றனர். ஆயினும் வழக்கு முடியவில்லை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் இதே பாலாற்றின் நிலையைப் பரிசீலித்து, இழப்பீடு பெறாதோர்க்கு அதனை வழங்கவும், அத்தொகையை மாசு செய்தோரிடம் வசூலிக்கவும், கண்காணிப்புக்குக் குழு அமைக்கவும் உத்தரவிட வேண்டியதாயிற்று.

இதில் பெரும் பங்கு உப்பினுடையது. பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்பிட்டுக் கொண்டு வருகிறார்கள். ஊறவைக்கும்போது அவ்வளவு உப்பும் நீரில் இறங்குகிறது. குரோமியத்தைத் தனியே பிரித்தெடுக்க வழி உண்டு. கரைந்த உப்பைப் பிரிப்பதோ பெருஞ்செலவு. உப்பு நிலத்தில் இறங்கினால் அதைத் தின்னும் செடி எதையும் நாம் அறியோம்.

இப்பொழுது நெசவாளி அங்கத்தினர்கள் சற்றே செவி சாய்க்க வேண்டும். வீட்டில் நூலுக்குச் சாயமேற்றுவோர், சாயத் தொட்டியின் கழிவு நீரைப் புழக்கடையில்தான் ஊற்றுகின்றனர். பருத்தி நூலில் சாயம் ஏறுவதற்காகச் சேர்க்கும் உப்பு முழுவதும் அக்கழிவு நீரில்தான் இருக்கிறது. கல்வாழையும் சேம்பும் வைத்தால் அவை நீரைச் சுத்தம் செய்துவிடும் என்று சிலர் நம்புகின்றனர். சோப்பு அழுக்குக்கு அது ஓரளவு உண்மை. சாய உப்புக்கு அது உண்மையன்று. ஆகவே சாய நீர் குட்டைக்கும் போகலாகாது, அதன் அருகிலுள்ள உறிஞ்சுகுழிக்கும் போகலாகாது. தோல் மண்டிக்காரர்மீது மனுப் போட்டு, இங்கே நாமே அந்த வேலையைச் சிறிய அளவில் செய்வது நியாயமாகாது. சுத்திகரிப்பு வசதியுள்ள பொதுச் சாயச்சாலையில் நூலைச் சாயமேற்றி வாங்குவதே இதற்கு வழி. நெசவாளர் சங்கங்கள் சேர்ந்தால் இயலாத காரியமன்று.

குளியலறை நீரும், துவைத்த நீரும் குட்டைக்கு வேண்டாம். அவை வாழைப் பாத்திக்குச் செல்லட்டும்.

நெசவாளர் வீடுகளுக்கு இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. குழித்தறி உள்ள அறையின் சுவரை ஒட்டிக் குட்டை வெட்டினால், ஊற்று கசிந்து கால் வைக்கும் குழியில் நீர் கட்டும்; மிதிகட்டைகள் உளுத்துவிடும். குறைந்தது பதினைந்து அடி தள்ளியே வெட்ட வேண்டும். காற்றில் ஈரம் குறைந்தால் பருத்தி இழை அடிக்கடி அறும் என்பது நெசவாளிகள் அறிந்ததே. ஆனாலும் அந்த நியாயத்தைச் சொல்லித் தறிக்குழியின் பக்கத்தில் குட்டை வெட்டுவது விபரீதம்.

குட்டையின் அடிக்குச் சிமெண்டு வேண்டுவதில்லை. அனுமதி பெற்று எடுத்த ஏரிக் களிமண்ணைப் பிசைந்து, அரையடி கனத்துக்குப் பரப்பி, வீட்டார் அனைவரும் காலால் மிதித்து இறுக்கினால் நீர் நிற்கும். வெயிலில் வெடித்தால் மறுபடியும் மிதிக்க வேண்டும். சிமெண்டில் விரிசல் கண்டால் மறுபடியும் பணம் வேண்டும். கொசுவைப் பற்றி அஞ்சுவோர் கப்பி மீன்களை விடலாம். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாளாகும், அதற்குள் மீன் தின்றுவிடும். ஆப்பிரிக்கக் கெளுத்தியை எவர் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கலாகாது. அதை வளர்க்கத் தடை உள்ளது. ஆகாயத்தாமரையும் அவ்வாறே, வழிந்தோடும் நீருடன் ஏரிக்குப் போனால் ஊரே கூடி வாரினாலும் தீராது. தாமரையும் அல்லியும் நமக்குப் போதும்.

குழந்தைகள் உள்ள வீட்டில், நீர்மட்டத்துக்கு மேலே இரும்பு வலைச் சட்டம் ஒன்றைப் பொருத்தாமல் குட்டையில் நீர் விடவே கூடாது. தவழும் குழந்தைக்கு ஒரு சாண் நீரும் ஆபத்து. இந்தச் சட்டத்துக்குப் பணமில்லாதவர், குழந்தை வளரும் வரையில் பாதையோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

தோட்டத்தில் மேல்நோக்கி வண்ண விளக்குகள் வைக்கும் வழக்கமும் பரவுகிறது. ஆலங்காயத்திலிருந்து ஜவ்வாது மலை ஏறினால் காவலூர் வருகிறது. அங்குள்ள வைணு பாப்பு வானாய்வகத்தில், 2.3 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி 1986 முதல் இயங்கி வருகிறது. இருண்ட வானம் கிடைக்கும் என்பதாலேயே அந்த மலையைத் தேர்ந்தார்கள். நம் புழக்கடை விளக்கு அந்த இருளைக் கெடுக்க வேண்டுமா? பாதைக்கு விளக்கு அவசியமென்றால், தரையை நோக்கிக் கவிழ்ந்த சிறு விளக்கே போதுமானது.

கடைசியாகப் பணம். பயிர்க்கடன் பயிருக்கே உரியது. உரிய காலத்தில் திருப்பிச் செலுத்துவோர்க்கு அது வட்டியின்றிக் கிடைப்பது, வட்டியைப் பொதுப்பணம் ஏற்பதனால்தான். அதை எடுத்து நீரூற்றுக்கு மோட்டார் வாங்குவது, அடுத்த வயலுக்காரரின் விதைக்கடலையை எடுப்பதற்கு ஒப்பாகும். நகைக்கடன் வாங்கிச் செய்வோரைச் சட்டப்படி தடுக்க இயலாது; ஆனால் மனைவியின் தாலிச்சரட்டைப் பெட்டகத்தில் வைத்துவிட்டுப் புல் வளர்ப்பது நமக்கு விளங்கவில்லை. நாம் மேலே சொன்ன விதமாகச் செய்தால், செலவாவது கல்லுக்கு வண்டிக்கூலியும், ஒரு குழாய்த் துண்டும், வலைச் சட்டமும்தான். மீதி உழைப்பு. பத்து வீட்டார் சேர்ந்து, ஒரு ஞாயிறு ஒரு வீடு என்று முறை வைத்து வெட்டினால் கூலியும் இல்லை. கல்லையும் ஒரே லாரியில் பத்து வீட்டுக்கும் இறக்கலாம். சங்கம் இதில் கடன் கொடுக்க வேண்டாம், பேரம் பேசிக் கொடுத்தால் போதும்.

வெட்டுவதற்கு ஏற்ற காலம் வைகாசி. ஏரியில் களிமண் காய்ந்திருக்கும், நெசவில்லாத நாட்களும் அப்போது கிடைக்கும். ஆனி முடிவதற்குள் களிமண்ணை மிதித்து முடித்துவிட்டால், ஆடியில் மலைப்பக்கத்திலிருந்து வரும் மழைகள் அதை நனைத்து இறுக்கும். ஐப்பசி மழைக்குக் குட்டை நிரம்பும். மீனைக் கார்த்திகையில் விடலாம். நடைக்கற்களை மட்டும் முதல் மழைக்குப் பின்னர் ஒருமுறை தூக்கி, மணல் இட்டு, மறுபடியும் மட்டம் பார்த்துப் பதிக்க வேண்டும்.