கடைக்குப் போகுமுன் கணினியைத் திறந்து பாருங்கள்

“மாமா, லோ யாட் பிளாசாவுக்கு எப்போ போகலாம்?”

அழைத்தவன் என் அக்கா மகன். எஸ்பிஎம் தேர்வு முடிந்த கையோடு ஒரு பேரங்காடியில் மூன்று மாதம் வேலை பார்த்து 1,500 வெள்ளி சேர்த்திருந்தான். ஆர்டிஎக்ஸ் 4060 கிராஃபிக்ஸ் கார்டு வாங்க வேண்டுமாம். அக்காவுக்கோ, அடுத்து வரும் கல்லூரிச் செலவு பற்றிய கவலை. “நீ சொன்னா கேட்பான், தம்பி” என்றார்.

“கடை அப்புறம். முதலில் உங்க வீட்டுக்கு வர்றேன்” என்றேன்.

நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் இணைய வகுப்புக்காக வாங்கிய பழைய அலுவலகக் கணினி அது. ஒல்லியான பெட்டி. மூடியைக் கழற்றி, பவர் சப்ளையில் ஒட்டியிருந்த தாளைப் படித்தோம்: 240 வாட். கிராஃபிக்ஸ் கார்டுக்கென்று தனி வயர் எதுவும் இல்லை.

மதர்போர்டில் கார்டு செருகும் இடம் அதிகபட்சம் 75 வாட் மின்சாரம்தான் தரும். ஆர்டிஎக்ஸ் 4060 கார்டுக்கு 115 வாட் தேவை. மீதி, பவர் சப்ளையிலிருந்து தனி வயரில் வர வேண்டும். அந்தக் கார்டுக்கு 550 வாட் பவர் சப்ளை வைக்கும்படி என்விடியா நிறுவனமே சொல்கிறது. போதாததற்கு, அந்த ஒல்லிப் பெட்டியில் வழக்கமான உயரமுள்ள கார்டு நுழையவே நுழையாது. அதை வாங்கினால் பெட்டியையும் பவர் சப்ளையையும் மாற்ற வேண்டும். 1,500 வெள்ளி எங்கே போதும்?

அடுத்துத் திரையைப் பார்த்தோம். ஃபுல் எச்டி, 60 ஹெர்ட்ஸ். கார்டு நொடிக்கு 150 காட்சிகளை உருவாக்கினாலும் இந்தத் திரை 60 முறைதான் மாறும். அவன் அதிகம் விளையாடுவது வெலரன்ட். அதற்குப் பெரிய கார்டு தேவையில்லை.

என் யோசனை, ஆர்டிஎக்ஸ் 3050 கார்டின் 6 ஜிபி வகை. 70 வாட் போதும், தனி வயர் வேண்டாம், குட்டையான வடிவிலும் கிடைக்கிறது. ஆனால் கவனம்: அதே 3050 என்ற பெயரில் 8 ஜிபி வகையும் உண்டு. அதற்கு 130 வாட் வேண்டும், வேகமும் கூடுதல். எந்த வகை என்று பார்க்காமல் விலையை மட்டும் ஒப்பிடக் கூடாது.

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. சில ஆண்டுகளுக்கு முன் ஜிடி 1030 மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினேன். வீட்டில் விளையாட்டு திக்கித் திக்கி ஓடியது. அந்தப் பெயரிலும் இரண்டு வகை. நான் வாங்கியது டிடிஆர்4 வகை. அதன் நினைவக வேகம் மற்றதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். பெட்டியில் சிறிய எழுத்தில் போட்டிருந்தது. படிக்காதது என் தவறு.

“பழைய கார்டு வாங்கினா என்ன, மாமா?” என்று கேட்டான். வாங்கலாம். ஆனால் 2022 செப்டம்பரில் எத்தேரியம் நாணயத்துக்கான மைனிங் நின்றதும், இரவு பகலாக உழைத்த கார்டுகள் பல விற்பனைக்கு வந்தன. அரைமணி நேரமாவது விளையாட்டை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். காற்றாடிச் சத்தத்தைக் கேளுங்கள். உத்தரவாதம் எத்தனை மாதம் மீதி என்று விசாரியுங்கள்.

அவன் முகம் வாடிவிட்டது. “கூட்டாளிங்க எல்லாம் 4060 வச்சிருக்காங்க, மாமா.”

மறைக்காமல் சொன்னேன். 6 ஜிபி கார்டில் புதிய பெரிய விளையாட்டுகளுக்குக் காட்சித் தரத்தைக் குறைத்துத்தான் வைக்க வேண்டும். “உழைச்ச காசு உன்னோடது. முடிவும் உன்னோடது.”

இரண்டு நாள் கழித்து அழைத்தான். ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து போனோம். குட்டையான 3050 ஒன்று, கூடவே 8 ஜிபி ரேம். மீதிப் பணத்தை வீட்டுக்கு வந்ததும் அம்மா கையில் கொடுத்தான். அக்கா ஒன்றும் பேசவில்லை. இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டு, அவன் கல்லூரிக் கடிதம் இருந்த உறைக்குள்ளேயே வைத்தார்.

உங்கள் பிள்ளையும் கார்டு கேட்கிறானா? மறுக்குமுன், கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, அவனோடு சேர்ந்து மூடியைத் திறந்து பாருங்கள். பவர் சப்ளையின் வாட், பெட்டியின் அளவு, திரையின் ஹெர்ட்ஸ்: மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்ட பிறகு கடைக்குப் புறப்படுங்கள்.