ஏச்சு உளவியலாகாது

நம் பாடசாலைகளில் ஆண்டுதோறும் நிகழும் இல்ல விளையாட்டுப் போட்டிகளில், சிறப்புரை ஆற்ற வருவோர் தவறாது எடுத்தோதுவது வள்ளுவரின் ஊக்கமுடைமை அதிகாரமாகும். ஊக்கம் வேண்டும் என்பதை மறுப்பார் யார்? ஆயினும் 60ஆம் அதிகாரத்தை நினைவில் வைத்திருக்கும் இப்பெரியோர், அதற்கு முன்னரே 48, 49, 50ஆம் அதிகாரங்களில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்றை அவர் வகுத்து வைத்தமையை மறந்துவிடுகின்றனர். அரசனுக்குக் கூறியவையாயினும், ஒருவரைக் களத்தில் இறக்குவோர் எவருக்கும் அவை பொருந்தும். வலியும் காலமும் இடமும் அறியாது ஊக்கத்தை மட்டும் கேட்பது வெறும் ஏச்சாகும். அந்த ஏச்சை எதிர்த்தே இக்கட்டுரை எழுதப்படுகின்றது.

ருவான்வெல்லையை அடுத்த இறப்பர்த் தோட்டமொன்றில் என்னுடன் படித்த மாணவி ஒருத்தியை நினைத்துக்கொள்கின்றேன். லயத்திலிருந்து பாடசாலைக்கு உள்ள ஏற்ற இறக்கப் பாதையை அவளைப்போல் விரைந்து கடப்போர் எவருமிலர். வலய மட்ட மெய்வல்லுநர் போட்டியில் 800 மீற்றர் ஓட்டத்துக்கு அவள் தெரிவானாள். சுண்ணாம்புக் கோடிட்ட முழு ஓடுபாதையை அவள் முதன்முதலாகக் கண்டதே அன்றுதான். அறிவித்தல்கள் யாவும் அவளுக்குச் சரிவர விளங்காத சிங்களத்தில் இருந்தன. விடியற்காலையில் அருந்திய சாயத்தண்ணீரைத் தவிர வயிற்றில் ஒன்றுமில்லை. இரண்டாம் சுற்றில் கால் தளர்ந்து நின்றுவிட்டாள். அழைத்துச் சென்ற பயிற்றுநர் எல்லோருங் கேட்கச் சொன்னார்: "தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மனத்துணிவு கிடையாது." அதன் பின் அவள் ஓடவேயில்லை.

விளையாட்டுக்கு உளவியல் எதற்கு என வினவுவோர் இச்சம்பவத்தைச் சற்று எண்ணிப் பார்க்கட்டும். அன்று அம்மைதானத்தில் உளவியல் இல்லாமலில்லை, நிரம்ப இருந்தது. ஒரு பிள்ளையின் உள்ளத்தைப் பற்றி ஒருவர் தீர்ப்புக் கூறினார். அத்தீர்ப்பு அவளுடைய ஓட்டத்தை முடித்து வைத்தது. ஆகவே நம் முன்னுள்ள வினா, மைதானத்துக்கு உளவியல் வேண்டுமா என்பதன்று. கற்ற உளவியலா, கல்லாத உளவியலா என்பதே.

கற்றோர் கூறுவது யாது? சைக்கிளோட்டிகள் தனித்து ஓட்டுவதிலும் பிறரோடு சேர்ந்து ஓட்டும்போது விரைவு மிகுகின்றனர் என நோர்மன் டிரிப்லெட் 1898இல் எழுதினார். பிறர் முன்னிலை எப்போதும் உதவுவதில்லை என்பதை 1965இல் றொபேட் சயொன்ஸ் தெளிவுபடுத்தினார். நன்கு பழகிய செயலைப் பார்வையாளர் முன்னிலை மேம்படுத்தும். பழகாத செயலைக் குலைத்துவிடும். என் தோழிக்கு ஓட்டம் பழகியது. ஓடுபாதையும் கூட்டமும் பழகாதவை. இரண்டு நாள்களுக்கு முன்னர் அவளை அம்மைதானத்துக்கு அழைத்துச் சென்று, நான்கு சுற்று ஓடவிட்டு, ஓட்டம் தொடங்கும் முறையைத் தமிழில் விளக்கியிருந்தால் போதும். அதற்கு வேண்டிய செலவு பஸ் கட்டணமேயாகும். இதுவே இடனறிதல்.

தன்னால் இயலும் என்னும் நம்பிக்கை நான்கு ஊற்றுகளிலிருந்து பிறக்கின்றது என அல்பேர்ட் பண்டூரா 1977இல் விளக்கினார். தான் முன்பு செய்து வென்ற அனுபவம், தன்னையொத்தார் வெல்லக் காணுதல், பிறர் கூறும் ஊக்கச்சொல், தன் உடல் உணர்த்தும் நிலை என்பன அவை. இவற்றுள் வலிமை மிக்கது முதலாவது. நாமோ முதலிரண்டையும் கைவிட்டு, பசித்த வயிற்றின் சான்றையும் பொருட்படுத்தாது, மூன்றாவதையே பற்றிக்கொண்டிருக்கின்றோம். அதிலும் ஊக்கச்சொல்லுக்குப் பதில் வசைச்சொல்லை வைத்திருக்கின்றோம். மேடையேறி "நம்பு, வெல்வாய்" என முழங்கிச் செல்லும் பேச்சாளரும் இவ்வகையினரே. கடந்த வாரத்திலும் இரண்டு விநாடி குறைவாக ஓடினாய் என மணிக்கூட்டைக் காட்டும் ஆசிரியர் அவரினும் சிறந்த உளவியலாளர்.

இங்கு ஒரு மறுப்பு எழும். "நமது கேகாலை மாவட்டத்திலே பிறந்த சுசந்திகா ஜயசிங்க வறுமையிலிருந்து எழுந்து ஒலிம்பிக் பதக்கம் பெறவில்லையா? மனம் இருந்தால் போதாதா?" 1948இல் டங்கன் வைற் பெற்ற பதக்கத்துக்குப்பின் 52 ஆண்டுகள் கழித்து, 2000ஆம் ஆண்டு சிட்னியில் இந்நாட்டுக்கு இரண்டாவது பதக்கத்தை ஈட்டியவர் அவர். அப்பெருமையை யான் குறைத்துக் கூறேன். ஆனால், பாறை வெடிப்பில் ஒரு விதை முளைத்ததென்று பாறையெங்கும் விதைப்பார் உளரோ? முளைத்த ஒருவரைக் காட்டி, கருகிய ஆயிரவரின் கணக்கை மறைப்பது நியாயமாகாது.

இன்னுமொரு மறுப்பு உண்டு. அது என் மக்களின் வாயிலிருந்தே வருவது. "முதலில் பால் கொடுங்கள், சப்பாத்துக் கொடுங்கள், மைதானம் கொடுங்கள், உளவியல் பின்னர் வரட்டும்." இதனை யான் தலைவணங்கி ஏற்கின்றேன். பசித்தவளிடம் தன்னம்பிக்கை பேசுபவன் உளவியலாளனல்லன், ஏமாற்றுக்காரன். ஆனால் பாலுக்கும் சப்பாத்துக்கும் பணம் ஒதுக்கப்படும்வரை காத்திருப்போர், ஏச்சை நிறுத்துவதற்கும் ஏன் காத்திருக்கவேண்டும்? அதற்குப் பாராளுமன்றம் நிதி ஒதுக்க வேண்டியதில்லையே.

வசதி படைத்தோர் இத்துறையை ஆடம்பரமெனக் கருதவில்லை என்பதையும் காண்க. 2011 ஏப்ரல் 2ஆந் திகதி மும்பையில் நம் அணியை வென்று உலகக் கிண்ணத்தைக் கைப்பற்றிய இந்திய அணியினருடன், உளப்பயிற்றுநராகப் பணியாற்றியவர் தென்னாபிரிக்கரான பாடி அப்டன். 2024இல் சிங்கப்பூரில் உலகச் சதுரங்கப் பட்டத்துக்குப் போட்டியிட்ட சென்னை இளைஞர் குகேசுக்கும் அவரே துணைநின்றார். முதலாவது ஆட்டத்தில் தோற்ற அந்த 18 வயது இளைஞரை எவரும் மனத்துணிவற்றவர் எனப் பழிக்கவில்லை. 14ஆவது ஆட்டத்தில் அவர் உலக வீரரானார். வெற்றி முழுவதும் உளவியலின் கொடை என்பது என் வாதமன்று. தோல்வியுற்ற மறுநாளும் அவரோடு பேச ஒருவர் இருந்தார். என் தோழியோடு பேச எவருமிலர்.

எனினும் உளவியலாளர் என்னும் பெயர்ப்பலகை மட்டும் போதாது. வீரரின் மொழியில் உரையாட அறியாதவர் அவருள்ளத்தை அறியவியலாது. நடுவே மொழிபெயர்ப்பாளர் அமர்ந்திருக்கும் இடத்தில் எந்தப் பெண்பிள்ளை தன் அச்சத்தைக் கூறுவாள்? வீரர் அந்தரங்கமாகச் சொன்னதைத் தெரிவுக்குழுவிடம் ஒப்பிப்பவர் உளவியலாளர் அல்லர், உளவாளி. தாம் யாருக்குப் பணிசெய்கின்றார் என்பதை முதல் நாளிலேயே அவர் தெளிவுபடுத்தவேண்டும்.

நமது மாகாணத்திலே, பெலிஹுல்ஓயாவில் அமைந்த சப்ரகமுவப் பல்கலைக்கழகம் விளையாட்டு விஞ்ஞானத்தைப் பட்டப்படிப்பாகவே கற்பிக்கின்றது. அங்கு கற்கும் தமிழ் மாணவரும், கலைப்பீடங்களில் உளவியல் பயிலும் நம்மவரும் விடுமுறையில் ஒரு வாரமேனும் தோட்டப் பாடசாலைகளுக்குச் செல்லலாகாதா? உடற்கல்வி ஆசிரியருக்கென எளிய தமிழில் ஒரு கைந்நூல் எழுதலாகாதா? தமிழ்ச் சங்கங்கள் பட்டிமன்றத்துக்குச் செலவிடும் உழைப்பில் ஒரு பங்கு இதற்குப் போதும்.

என் தோழி இன்று அதே தோட்டத்தில் பால் வெட்டுகின்றாள். அவள் தங்கை எட்டாம் வகுப்பில் படிக்கின்றாள். அதே பாதையில் அக்காளினும் விரைவாக ஓடுகின்றாள். அடுத்த வலயப் போட்டிக்கு அவளை அழைத்துச் செல்பவர் அவள் காதில் என்ன சொல்லப்போகின்றார்? அதனை நாம் இப்போதே கேட்டாக வேண்டும்.